நிபுணரும் பிரஜையும்

"நிபுணர்கள் ஆராய்ந்து முடிவு கூறிவிட்டார்கள்" என்று ஒரு சர்க்கார் அறிவித்தவுடன் பொதுஜனங்கள் வாயடைத்துப் போவது உலக வழக்கமாக இருக்கிறது. சட்டசபையில் அங்கத்தினர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டால், மந்திரி கமிட்டி அறிக்கையைத் தூக்கிக் காட்டுகிறார். பத்திரிகைகள் ஆட்சேபித்தால், விஷயம் தெரியாதவர்களின் கூச்சல் என்று தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அந்த நிபுணர்களைப் பொறுக்கி எடுத்தவர் யார்? அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன? கேட்காமல் விடப்பட்ட கேள்வி என்ன? முடிவு பிசகினால் அதன் பலனை அனுபவிக்கப் போகிறவர் யார்? இவற்றைக் கேட்கப் பிரஜைக்கு உரிமை உண்டா, இல்லையா?

ஜனநாயகத்தின் உயிர்நிலையைத் தொடும் இந்த வினாக்களுக்கே தமது வாழ்நாளை அர்ப்பணம் செய்த ஒரு பண்டிதையைப் பற்றி இன்று நம் வாசகர்களுக்குச் சிறிது விரிவாகக் கூற விரும்புகிறோம். அவர் பெயர் ஷீலா ஜாஸனாஃப். அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையின் ஆசிரியை. 2022-ஆம் வருஷத்தில் நார்வே தேசம் அவருக்கு ஹோல்பெர்க் பரிசை அளித்தது. மொழி, சரித்திரம், சட்டம், சமூக ஆராய்ச்சி முதலிய துறைகளில் பெருந்தொண்டு புரிந்தோருக்கு அந்நாட்டுப் பார்லிமெண்டு ஏற்படுத்திய பரிசு அது. தொகை 60 லட்சம் குரோனர். பரிசின் பெருமையை விட, அவர் எடுத்துக்கொண்ட விஷயத்தின் பெருமையே நம் கவனத்தைக் கவருகிறது.

மூன்று சாஸ்திரங்கள்

ஜாஸனாஃப் அம்மையார் 1944-ல் கல்கத்தாவில் பிறந்தவர். இளம்பிராயத்திலேயே குடும்பத்துடன் அமெரிக்கா சென்றவர். அங்கே முதலில் கணிதம் பயின்றார். பிறகு மொழி நூலில் புகுந்து, 1973-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அத்துடனும் நில்லாது சட்டம் படித்து, 1976-ல் அதிலும் தேறினார். சில காலம் பாஸ்டன் நகரில் வக்கீலாகத் தொழில் நடத்தி, காற்றையும் நீரையும் பாதுகாக்கும் சட்டங்களில் பழகினார். 1978-ல் கார்னெல் சர்வகலாசாலைக்குப் போனார். விஞ்ஞானமும் சமூகமும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை ஆராய அங்கே தனியாக ஒரு துறையையே நிறுவினார். 1998-ல் ஹார்வர்டுக்கு மீண்டார்.

கணிதம் கற்றவர் எண்களைக் கண்டு மயங்கமாட்டார். மொழி நூல் கற்றவர் ஒரு சொல்லின் பொருள் எவ்வாறு பேரம் பேசி நிலைபெறுகிறது என்பதை அறிவார். சட்டம் கற்றவர் சாட்சியத்துக்கும் தீர்ப்புக்கும் உள்ள தூரத்தை உணர்வார். இம்மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தது நல்ல பொருத்தமாயிற்று. ஏனெனில், சர்க்கார் முடிவு ஒவ்வொன்றிலும் எண்ணும் உண்டு, சொல்லும் உண்டு, தீர்ப்பும் உண்டு. மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத வரையில், பிரஜை ஏமாறுவது நிச்சயம்.

1985-ல் வேறு இருவருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல், ரசாயனப் பொருள்களை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி ஆகிய நான்கு தேசங்கள் எவ்வாறு கட்டுப்படுத்தின என்பதை ஒப்பிட்டது. ரசாயனம் எங்கும் ஒன்றே. மனித உடலும் ஒன்றே. ஆயினும், அமெரிக்காவில் கம்பெனிகளும் பொதுநலச் சங்கங்களும் கோர்ட்டில் மோதி, எண்ணுக்கு எண் வாதாடி முடிவு காண்கின்றன; ஐரோப்பாவில் மூடிய அறைக்குள் உத்தியோகஸ்தரும் தொழிலதிபர்களும் கலந்து பேசி முடிக்கிறார்கள். சாஸ்திர உண்மை வானத்திலிருந்து நேரே சட்டப் புஸ்தகத்தில் இறங்குவதானால் இந்த வேற்றுமைக்கு இடமேது?

ஐந்தாம் அங்கம்

அவருடைய கீர்த்திக்குக் காரணமான நூல் 1990-ல் வெளிவந்த "ஐந்தாம் அங்கம்". பெயரே கருத்தைச் சொல்லும். சட்டசபை, நிர்வாகம், நியாயஸ்தலம் ஆகியவை ராஜ்யத்தின் மூன்று அங்கங்கள் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஒழுங்கு விதிகளை இயற்றும் சர்க்கார் ஸ்தாபனங்கள் நான்காவது அங்கமாக வளர்ந்துவிட்டன என்று அமெரிக்க அறிஞர் சொல்லி வந்தனர். அந்த ஸ்தாபனங்களுக்கு யோசனை கூறும் நிபுணர் கமிட்டிகளே ஐந்தாவது அங்கம் என்கிறார் அம்மையார். வோட்டு கேட்காமலும் கோர்ட்டில் அமராமலும் அந்த அங்கம் நாட்டை ஆளுகிறது.

இதன் உட்கருத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு மருந்து புற்றுநோய் உண்டாக்குமா என்று அறிய எலிகளுக்கு அதை மிக அதிக அளவில் கொடுத்துப் பார்க்கிறார்கள். எலிகளில் சிலவற்றுக்குக் கட்டி தோன்றுகிறது. இனி, மனிதன் ஆயுள் முழுதும் உண்ணக்கூடிய சொற்ப அளவுக்கு இதிலிருந்து என்ன கணக்கிடுவது? பெரிய அளவிலிருந்து சிறிய அளவுக்குக் கோடு இழுக்க வேண்டும். நேர்கோடா, வளைந்த கோடா? ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தீங்கே இல்லையென்று கொள்வதா? இதைத் தீர்க்கக்கூடிய சோதனை பெரும்பாலும் கிடைப்பதில்லை. சந்தேகத்தின் பலன் மருந்து விற்பவனுக்கா, அதை உண்ணும் குழந்தைக்கா என்பதே அங்கே உண்மையான கேள்வி. அது நீதியைப் பற்றிய கேள்வி. ஆனால் கணக்கின் வேஷம் தரித்து வருகிறது.

அமெரிக்காவில் ஆப்பிள் பழங்களுக்குத் தெளித்து வந்த "ஆலார்" என்ற மருந்தின் கதை இதற்குச் சான்று. 1985-ல் அதைத் தடை செய்ய அந்நாட்டுச் சுற்றுப்புறப் பாதுகாப்பு ஸ்தாபனம் முன்வந்தது. அதன் நிபுணர் குழுவோ, ஆதாரம் போதாது என்று கூறிவிட்டது. மேலும் சோதனைகள் நடத்த உத்தரவாயிற்று. மருந்து வழக்கம்போல் விற்பனையாயிற்று. 1989 பிப்ரவரியில் டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்று விஷயத்தைப் பகிரங்கமாக்கியதும் தாய்மார்கள் கொதித்தெழுந்தனர். சில மாதங்களுக்குள் உற்பத்தி செய்த கம்பெனியே அமெரிக்காவில் அதன் விற்பனையை நிறுத்திக்கொண்டது. நிபுணர் குழு பொய் சொல்லிற்று என்று எவரும் கூறவில்லை. "ஆதாரம் போதுமா?" என்பது அதனிடம் வந்த கேள்வி. "போதாத காலத்தில் குழந்தைகள் எதை உண்பது?" என்பது எந்தக் குழுவிடமும் வராத கேள்வி. முந்தியதற்கு மட்டும் விடை கண்டு பிந்தியதை விட்டுவிட்டால், தீர்ப்பு தானாகவே விற்பவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இதைக் கண்டு, நிபுணர்களை ஒழித்துவிட வேண்டுமென்று அம்மையார் கூறவில்லை. எல்லாவற்றையும் நிபுணரிடமே விட்டுவிடு என்ற கட்சியும், எல்லாவற்றையும் ஜனங்களின் வோட்டுக்கு விடு என்ற கட்சியும் இரண்டும் குறைபாடுடையவை என்பதே அவர் முடிவு. நல்ல கமிட்டி எதுவென்றால், தன் வரம்பை அறிந்து, எங்கே சாஸ்திரம் நிற்கிறது, எங்கே தீர்மானம் தொடங்குகிறது என்பதை மறைக்காமல் சொல்லும் கமிட்டி.

போபால் புகட்டிய பாடம்

இந்த ஆராய்ச்சி அமெரிக்க ஆப்பிளோடு நின்றிருந்தால் நமக்கு அவ்வளவு சிரத்தை இராது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபால் நகரில் பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து சுமார் 40 டன் விஷவாயு வெளியேறி, உறங்கிக் கிடந்த ஏழைக் குடிசைகளின் மேல் பரவிற்று. உடனே மடிந்தவர் 2,259 பேர் என்பது சர்க்காரின் முதற்கணக்கு. பின்னர் அது உயர்ந்துகொண்டே போயிற்று. பாதிக்கப்பட்டோர் தொகை 5,58,125 என்று 2006-ல் சர்க்கார் தரப்பில் பிரமாணம் செய்யப்பட்டது.

இந்தப் பேரழிவை அம்மையார் அறிவின் பங்கீடு என்ற கோணத்தில் நோக்கினார். போபாலும் தெரிந்துகொள்ளும் உரிமையும் என்பது குறித்து 1988-ல் ஒரு கட்டுரை எழுதினார். விபத்திலிருந்து கற்க வேண்டியதென்ன என்பதைப் பற்றி 1994-ல் ஒரு தொகுப்பு நூலும் பிரசுரித்தார். அன்றிரவு யாருக்கு என்ன தெரிந்திருந்தது? தொட்டியில் இருந்தது என்னவென்று கம்பெனிக்குத் தெரியும். தொழிற்சாலைச் சுவருக்கு மறுபுறம் வாழ்ந்தோருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு எந்த விஷத்துக்கு வைத்தியம் செய்கிறோமென்று தெரியாது. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளலாமென்ற எளிய யோசனையைக்கூட ஜனங்களுக்குச் சொல்லி வைத்தவர் இல்லை. அறிவு உலகில் இல்லாமற் போகவில்லை. வேண்டியவனிடம் இல்லாமற் போயிற்று.

பாடத்தை யார் முதலில் கற்றார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. 1985-ல் அதே கம்பெனியின் அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றிலும் வாயு கசிந்தது. 1986-லேயே, தொழிற்சாலைகளில் என்ன விஷம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சுற்றுவட்டார ஜனங்கள் அறியும் உரிமையை அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமாக்கிவிட்டது. மாண்டவர் நம்மவர்; மாற்றார் நாட்டில் உரிமை உடனே பிறந்தது! நம் தேசத்தில் 1986-ல் சுற்றுச்சூழல் சட்டமும், 1987-ல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தமும் வந்தன. சர்க்கார் தஸ்தாவேஜைப் பிரஜை கேட்டுப் பெறும் பொது உரிமைக்கு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் தானாக வரவில்லை. ராஜஸ்தானத்துக் கிராமங்களில் கூலிக் கணக்கைக் காட்டு என்று ஏழை உழைப்பாளிகள் 1990-களில் நடத்திய கிளர்ச்சியின் பயன் அது.

ஒரே கரு, மூன்று சட்டம்

2005-ல் வெளிவந்த இன்னொரு பெருநூலில், உயிரின் மூலப்பொருளையே மாற்றியமைக்கும் புதிய விஞ்ஞானத்தை அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று ஜனநாயகங்கள் எதிர்கொண்ட விதத்தை அவர் ஒப்பிட்டார். மனிதக் கருவை ஆராய்ச்சிக்கு உபயோகிக்கலாமா என்பது ஒரு கேள்வி. பிரிட்டன், தத்துவ ஆசிரியை மேரி வார்னக் தலைமையில் 1982-ல் ஒரு கமிட்டி அமைத்தது. 14 நாள் வரையில் ஆராயலாம் என்ற அதன் யோசனை 1990-ல் சட்டமாயிற்று. அதே 1990-ல் ஜெர்மனி அத்தகைய ஆராய்ச்சியைச் சட்டத்தினால் அறவே தடுத்தது. நாஜி ஆட்சியில் டாக்டர்கள் செய்த கொடுமைகளின் ஞாபகம் அந்நாட்டை விட்டு அகலவில்லை. அமெரிக்காவோ, 1996 முதல் மத்திய சர்க்கார் பணத்தை அதற்குச் செலவிடக் கூடாது என்று மட்டும் விதித்து, தனியார் பணத்துக்கு வழியைத் திறந்தே வைத்தது. பாடப் புஸ்தகம் ஒன்று, சட்டம் மூன்று.

ஒவ்வொரு தேசத்திலும் ஜனங்கள் எதை நம்பத்தக்க அறிவாக ஏற்கிறார்கள் என்பதற்கு ஒரு பழக்கமும் மரபும் உண்டு என்பது இதிலிருந்து அவர் எடுத்த சித்தாந்தம். அமெரிக்கன் எதிர்வாதத்தில் தேறிய எண்ணை நம்புகிறான். ஜெர்மானியன் எல்லாக் கட்சியும் அமர்ந்து கண்ட ஒருமிப்பை நம்புகிறான். பிரிட்டிஷ்காரன் நெடுங்காலம் பொதுச்சேவை செய்த பெரிய மனிதரின் வாக்கை நம்புகிறான்.

அந்தப் பிரிட்டிஷ் நம்பிக்கை ஒருமுறை படுகுழியில் விழுந்தது. 1986-ல் அங்கே மாடுகளுக்குப் பைத்திய நோய் கண்டது. மனிதருக்கு அபாயம் நேருவது சாத்தியமல்ல என்ற தோரணையில் 1989-ல் நிபுணர் குழு அறிக்கை தந்தது. 1990-ல் விவசாய மந்திரி, பத்திரிகைப் படப்பிடிப்பாளர் முன்னிலையில் தம் சிறு பெண்ணுக்கு மாட்டிறைச்சிப் பண்டத்தை ஊட்ட முன்வந்து, பயமில்லை என்று காட்டினார். 1996 மார்ச் 20-ஆம் தேதியன்று, அந்நோய் மனிதருக்கும் பரவியிருக்கக்கூடும் என்று சுகாதார மந்திரி பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டார். பிரிட்டனில் மட்டும் 170-க்கு மேற்பட்டோர் அந்நோயால் இறந்தனர். நிபுணர் அறிக்கையில் இருந்த "ஒருவேளை"களும் "ஆனால்"களும் மந்திரி வாயில் கரைந்து போய், "அபாயமில்லை" என்ற ஒரே சொல்லாகிவிட்டது. ஐயத்தை மறைத்தவன் நம்பிக்கையைக் காக்கவில்லை, அழித்தான்.

ஓர் ஆட்சேபம்

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழுகிறது. நிபுணர் முடிவிலும் தீர்மானம் கலந்திருக்கிறது என்று ஊரெங்கும் சொன்னால், விஞ்ஞானத்தையே நம்பாதே என்ற துர்ப்பிரசாரத்துக்கு அது துணை போகாதா? சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்ட பிறகு, 1950-களிலிருந்து அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகள் சந்தேகத்தை விதைத்தே பல்லாண்டு லாபம் சம்பாதித்தன. அம்மை குத்துவதையும் தடுப்பூசியையும் பழிப்போர் எக்காலத்திலும் உண்டு. உலகம் வெப்பமடைவதை மறுப்போர் இன்றும் இருக்கின்றனர். இவர்கள் கையில் ஆயுதம் கொடுக்கலாமா?

இந்த ஆட்சேபத்தை நாம் லேசாகத் தள்ள விரும்பவில்லை. ஆனால் சிகரெட் கம்பெனி ஜெயித்ததன் ரகசியம் என்ன? தன் ஆராய்ச்சியைப் பூட்டி வைத்தது. கூலிக்கு அமர்த்திய நிபுணரைச் சுயேச்சையான நிபுணர் போல் மேடையேற்றியது. அதை முறியடித்தது கோர்ட்டில் வெளிவந்த தஸ்தாவேஜும் பகிரங்க விசாரணையுமே. வெளிச்சத்தால் உண்மை கெடுவதில்லை. எந்த அறிவு எவ்வழியாய் வந்தது, யார் பணத்தில் வந்தது, எவ்வளவு உறுதியானது என்று கேட்டுப் பழகிய பிரஜையே போலி நிபுணரையும் அடையாளம் காண்பான். மூடிய கதவைக் கும்பிட்டுப் பழகியவன், நாளை வேறொரு மூடிய கதவையும் கும்பிடுவான்.

கொரோனாக் கொள்ளை நோய் இதற்கு உரைகல்லாயிற்று. தொற்று நோயைச் சமாளிக்க எந்த தேசம் எவ்வளவு ஆயத்தம் என்று 2019-ல் வெளியான உலக அட்டவணை ஒன்றில் முதலிடம் அமெரிக்காவுக்கும் இரண்டாமிடம் பிரிட்டனுக்கும் கிடைத்திருந்தன. அடுத்த வருஷமே நோய் வந்தபோது அவ்விரு தேசங்களும் பட்ட பாட்டை உலகம் கண்டது. அம்மையாரும் கார்னெல் ஆசிரியர் ஸ்டீபன் ஹில்கார்ட்னரும் பல தேசத்து அறிஞர்களைக் கூட்டி, 16 தேசங்களை ஒப்பிட்டு 2021 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஆய்வுக்கூடங்களையும் பணத்தையும் அட்டவணை எண்ணியது. சர்க்காருக்கும் ஜனங்களுக்கும் இடையே நம்பிக்கை குறைந்திருந்ததை அது தந்த முதலிடம் காட்டவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாமற் போயிற்று. நம் நாட்டில் 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு நான்கு மணி நேர அவகாசத்தில் தேசம் முழுவதும் அடைக்கப்பட்டது. கிருமி பரவும் கணக்கு டில்லியில் இருந்தது. அன்றாடக் கூலியில் பிழைக்கும் வெளியூர்த் தொழிலாளி, வேலையும் ரயிலும் நின்றால் எங்கே போவான் என்ற கணக்கை யார் போட்டார்கள்? லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் கால்நடையாக நடந்து அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள்.

கத்தரிக்காய் விசாரணை

நமக்கு மிக அருகில் நடந்த ஓர் உதாரணமும் உண்டு. பூச்சியை எதிர்க்கும் மரபணுவைப் புகுத்திய கத்தரி வித்தைத் தனியார் விதைக் கம்பெனி ஒன்று தயாரித்தது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு விவசாய சர்வகலாசாலையும் தார்வார் சர்வகலாசாலையும் உள்ளூர் ரகங்களில் அதைப் புகுத்தும் வேலையில் பங்கு கொண்டன. 2009 அக்டோபரில் மத்திய சர்க்காரின் நிபுணர் கமிட்டி அதற்கு அனுமதி வழங்கிற்று. பழைய வழக்கப்படி விஷயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்போதைய மந்திரி ஜெயராம் ரமேஷ் 2010 ஜனவரி, பிப்ரவரியில் கல்கத்தா, புவனேசுவரம், ஆமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஹைதராபாத், பெங்களூர் ஆகிய ஏழு நகரங்களில் பகிரங்கக் கூட்டம் நடத்தினார். ஏறக்குறைய 8,000 பேர் வந்தனர். குடியானவர், விஞ்ஞானி, வைத்தியர், வியாபாரி யாவரும் பேசினர். பிப்ரவரி 9-ஆம் தேதி மந்திரி அனுமதியை நிறுத்தி வைத்து, காரணங்களை எழுதி வெளியிட்டார்.

அம்முடிவு சரியா, தவறா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. அண்டை நாடான பங்களாதேசம் 2013-ல் அதே வகைக் கத்தரியை அனுமதித்து மறு வருஷம் பயிரிடத் தொடங்கியது. கூட்டங்களில் கூச்சல் மிகுந்ததென்று சில விஞ்ஞானிகள் குறைகூறினர். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே வருஷம் செப்டம்பரில் நாட்டின் ஆறு விஞ்ஞானக் கழகங்கள் சேர்ந்து இவ்விஷயமாக ஓர் அறிக்கை தந்தன. அதில் சில பகுதிகள் வேறொரு கட்டுரையிலிருந்து அப்படியே பெயர்த்தெழுதப்பட்டவை என்று வெளிப்பட்டு, டிசம்பரில் திருத்திய அறிக்கை போட நேர்ந்தது. அறிக்கையை வரிக்கு வரி படித்தவர்கள் இருந்ததால் அல்லவா அது வெளியாயிற்று? பிரஜைகள் விழித்திருந்தால் நிபுணரும் விழித்திருப்பார்.

நான்கு கேள்விகள்

2003-ல் எழுதிய ஒரு கட்டுரையில், அடக்கம் கற்பிக்கும் கருவிகள் ராஜ்யத்துக்கு வேண்டுமென்று ஜாஸனாஃப் அம்மையார் வாதித்தார். ஆணவம் கொண்ட கணக்குகள் தமக்குத் தெரிந்ததை மட்டும் அளக்கின்றன. தெரியாததை இல்லையென்று கொள்கின்றன. அதற்கு மருந்தாக அவர் கூறியவற்றை நம் பாஷையில் நான்கு கேள்விகளாகச் சுருக்கிக் கொடுக்கலாம். இந்தத் திட்டத்தின் நோக்கம் என்ன, பிரச்னையை இப்படி வகுத்தவர் யார்? இதனால் துன்புறப் போகிறவர் யார்? லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு? முன் அனுபவத்திலிருந்து நாம் கற்றது என்ன, அதை எப்படி அறிந்தோம்?

அணை கட்டும்போதும், ஆலை வைக்கும்போதும், மருந்தை அனுமதிக்கும்போதும், விதையை விற்கும்போதும் இந்நான்கையும் கேட்க பெரிய பட்டம் தேவையில்லை. கேட்கும் துணிவும், பதிலைப் பொறுமையோடு படிக்கும் பழக்கமும் போதும். பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள நம் அன்பர்கள் இரண்டாவதை அசட்டை செய்வது வழக்கமாக இருக்கிறது. கமிட்டி அறிக்கையைக் கிழித்தெறிவது சுலபம். அதன் நூறாவது பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும் "ஆனால்" என்ற வார்த்தையைக் கண்டுபிடித்து மேடையில் வைப்பது கடினம். கடினமானதே பயன் தருவது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. நிபுணர் கமிட்டி அமைக்கும்போது, அதன் அங்கத்தினர் யார், எந்தக் கம்பெனியோடு என்ன சம்பந்தம், கேட்ட கேள்வி என்ன, மாறுபட்ட அபிப்பிராயம் எது என்பவற்றை அறிக்கையோடு சேர்த்தே பிரசுரிக்கட்டும். பிரதேச பாஷையில் பிரசுரிக்கட்டும். இங்கிலீஷில் மட்டும் இருக்கும் அறிக்கை, கோயம்புத்தூர்க் குடியானவனுக்குப் பூட்டிய அறைக்குள் இருக்கும் அறிக்கைதான். அறிவை உடையவன் ஆளட்டும் என்பது பழைய வாதம். ஆளப்படுகிறவனும் அறியட்டும் என்பதே ஜனநாயகம். சுவருக்கு மறுபுறம் என்ன இருக்கிறதென்று அறியாமல் உறங்கிய போபால் ஜனங்களின் கதி இனி இந்நாட்டில் எவருக்கும் நேரலாகாது.